புது இஞ்சினைப் பழக்கும் வழக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

புதிதாக வாங்கி வந்த அம்மியில் எவரும் அன்றே குழம்புக்கு மசாலை அரைப்பதில்லை. உளிகொண்டு கொத்திய அம்மியின் முகத்தில் கூரிய முனைகள் நிற்கும், கல்மணல் உதிரும். ஆகவே தவிட்டையோ ஊறவைத்த அரிசியையோ முதலில் அரைத்து, அதனை வெளியே கொட்டிக் கழுவி, மறுபடியும் அரைப்பார்கள். கல்லைப் பழக்குவது என்று இதற்குப் பெயர். பல்லாண்டு அரைத்து வழவழப்பாகிவிட்ட அம்மியிலோ மிளகாய் வழுக்கும், மசியாது. அப்போது அம்மி கொத்துகிறவரை அழைத்து மீண்டும் கொத்தச் சொல்வார்கள்.

கூர்முனை மழுங்க வேண்டும். ஆனால் முற்றிலும் வழவழப்பாகிவிடக் கூடாது. உதிர்ந்த தூள் வெளியேற வேண்டும். புதிய மோட்டார் சைக்கிளுக்கும், துளை பெருக்கிப் புதுப்பித்த பழைய மோட்டார் சைக்கிளுக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர்களில் நிகழ்வது இதுவேயாகும். நம் நாட்டுப் பட்டறைகளில் இதனை 'ரன்னிங் இன்' என்பர். இவ்வழக்கம் எப்படித் தோன்றியது, எக்காரணங்களால் வளர்ந்தது, இன்று அதில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சிலிண்டர், பிஸ்டன் ஆகிய சொற்களை உருளை, உந்துதண்டு என்று எழுதலாம். நம் பாடநூல்களில் அவ்வாறே பயில்கிறோம். ஆயினும் இவ்வரலாற்றின் பெரும்பகுதி பட்டறையில் நிகழ்ந்ததாகலின், பட்டறையில் வழங்கும் சொற்களையே ஈண்டு ஆள்கின்றேன்.

சிலிண்டரும் பிஸ்டனும் மோட்டார் சைக்கிளுக்கு மிக மூத்தவை. ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறி எண்ணத்தளவில் நிறைவெய்திய பின்னரும் நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. உட்புறம் வட்டம் பிசகாத சிலிண்டரைக் கடைந்து கொடுக்க ஆளில்லாததே அதற்கு முதன்மையான காரணம். பீரங்கிக் குழாய் கடைவதில் வல்லவரான ஜான் வில்கின்சன், 1770களின் இடைப்பகுதியில் அமைத்த கடைசல் எந்திரமே அக்குறையைத் தீர்த்தது. ஐம்பது அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்குள் அடங்கியதென்று வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்ட்டன் வியந்து எழுதினார். இன்று ஓர் எளிய மோட்டார் சைக்கிளில் பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளி, மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மட்டுமே. அன்று வியப்புக்குரியதாக இருந்த நாணயக் கனம், இன்று இஞ்சினையே குப்பையில் எறியச் செய்யும் பிழை.

நாணயக் கனத்துக்கு இருந்த அவ்விடைவெளியை அடைக்க, மாட்டுக்கொழுப்பில் தோய்த்த சணற்கயிற்றைப் பிஸ்டனைச் சுற்றிச் செருகினர். அது விரைவில் தேய்ந்து கருகும். அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. 1850களின் முற்பகுதியில், ஆங்கிலேய இரயில் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் வேறொரு வழி கண்டார். ஓரிடத்தில் வெட்டு விட்ட உலோக வளையத்தைப் பிஸ்டனின் பள்ளத்தில் பொருத்தினார். வளையம் தன் வில்தன்மையால் விரிந்து சிலிண்டர்ச் சுவரை ஓயாது அழுத்தியது. சுவர் சற்றுக் கோணலாயிருந்தாலும் தேயத் தேய வளையம் அதற்கு இணங்கிப் படியும். பழக்குதல் என்னும் வழக்கத்தின் கருவை நான் இங்கேதான் காண்கிறேன். கயிறு தேய்ந்தால் பயனிழந்தது. வளையமோ முதலில் அளவாகத் தேய்ந்தாலன்றிப் பயன் தருவதில்லை.

நிக்கோலஸ் ஒட்டோ 1876இல் நான்கு வீச்சுப் பொறியை இயக்கிக் காட்டினார். காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1885இல் அதனைச் சிறிதாக்கி, மரச் சட்டமிட்ட இருசக்கர வண்டியில் ஏற்றினர். 264 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட அப்பொறி நிமிடத்துக்கு 600 சுற்றுகள் சுழன்று அரைக் குதிரைத்திறன் தந்தது. 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் அதனினும் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவே உடையது. ஆனால் 9,500 சுற்றுகளில் 4.5 குதிரைத்திறன் தந்தது. அதன் பிஸ்டன் ஒருமுறை கடக்கும் தொலைவு 39 மில்லிமீட்டர். உச்ச வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 740 மீட்டர் தூரம் அது மேலும் கீழுமாக உரசி ஓடுகிறது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்: ஒரு சுற்றுக்கு இருமுறை 39 மில்லிமீட்டர், அவ்வாறு 9,500 சுற்று. இவ்வளவு உராய்வும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றன்மீதே நிகழ்கிறது.

புது இஞ்சினை மெதுவாக ஓட்ட வேண்டும் என்னும் கட்டளை முதல் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் வலுப்பெற்றது. அதற்குப் பெருங்காரணம் அலுமினியம். அதுவரை பிஸ்டன்கள் வார்ப்பிரும்பாலோ எஃகாலோ ஆனவை, கனமானவை. 1913ஐ ஒட்டி டபிள்யூ. ஓ. பென்ட்லி போன்றோர் கார் இஞ்சினில் அலுமினியப் பிஸ்டனைப் புகுத்தினர். இஞ்சின் வேகம் கூடியது. ஆனால் சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் 100 பாகை சூடேறினால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருக்கிறது. அதே சூட்டில் இரும்புச் சிலிண்டர் அதில் பாதியே விரிகிறது. நூற்றில் சில பங்கு இடைவெளியில் இவ்வேறுபாடு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புதிய சுவரின் கூர்முனைகள் உராய்ந்து கூடுதல் சூட்டை எழுப்ப, பிஸ்டன் பருத்துச் சுவரைக் கவ்விக்கொள்ளும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டு நிற்கும். நம்மவர் 'இஞ்சின் பிடிச்சிக்கிச்சு' என்பது இதனைத்தான். இரவில் வெறிச்சோடிய சாலையில் இப்படி நேர்ந்தால் உயிருக்கே கேடு.

காரணங்கள் வேறும் இருந்தன. அக்காலக் கடைசல் கருவி சுவரில் வரம்பு வரம்பாகத் தடம் விட்டது. வார்ப்பு மணலும் உலோகத் துகளும் உள்ளே தங்கின. எண்ணெயோ வெறும் எண்ணெய். பந்தய ஓட்டிகள் ஆமணக்கெண்ணெயை நாடினர். 1909இல் தோன்றிய 'காஸ்ட்ரால்' என்னும் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததாகும். குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுத்த எண்ணெய் பந்தய வண்டிக்கும் உகந்ததாக இருந்தது என்று கூறினால் வகுப்பில் சிரிப்பு எழும். எழட்டும், பெயர்க்காரணம் மறக்காது. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கலவைப் பொருள்கள் எண்ணெயில் பரவலாகச் சேர்ந்தது 1940களில்தான். ஆகவே முதல் 500 மைல், சில வண்டிகளுக்கு 1000 மைல், மணிக்கு 30 மைலை ஒட்டிய வேகத்திலேயே செல்க என்று ஆங்கிலேய நிறுவனங்கள் எழுதியதில் தவறில்லை. பிரிட்டனில் புது வண்டியின் பின்புறத்தில், 'பழக்கத்தில் உள்ளது, முந்திச் செல்லுங்கள்' என்னும் பொருள்பட அட்டை ஒட்டிக்கொண்டு மக்கள் மெதுவாகச் சென்ற காலம் அது.

தமிழருக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு வண்டியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இந்தியத் தரைப்படைக்கென 1950களில் 350 சி.சி. புல்லட் வண்டிகள் தருவிக்கப்பட்டன. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றித் திருவொற்றியூரில் வண்டிகளை உருவாக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் மூல நிறுவனம் 1970ஐ ஒட்டி மறைந்தது. சென்னையிலோ பழைய வடிவம் நீடித்தது. 1977இல் பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. வார்ப்பிரும்புச் சிலிண்டரும் நெடுவீச்சும் கொண்ட அவ்விஞ்சினைப் பொறுமையாகப் பழக்குவது தமிழ்நாட்டுப் புல்லட்காரர்களிடையே ஒரு நோன்பு போல் போற்றப்பட்டது. பழைய அமைப்பு நீடித்தமையால் பழைய வழக்கமும் உரிய காரணத்தோடு அங்கு நீடித்தது எனலாம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சப்பானிய மோட்டார் சைக்கிளின் வரலாறு பிஸ்டன் வளையத்தில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார். கருமானின் மகனான சோய்ச்சிரோ ஹோண்டா, 1930களின் பிற்பகுதியில், பழுது பார்க்கும் தொழிலை விட்டு வளையம் வார்க்கும் தொழிலில் இறங்கினார். வார்த்தவை உடைந்தன, அல்லது வில்தன்மையின்றி இறுகின. குறை தம் உலோக அறிவில் இருக்கிறது என உணர்ந்து, ஹமமாத்சு தொழிற்பள்ளியில், முப்பது வயதை எட்டிய நிலையில், இளைஞர்களோடு அமர்ந்து படித்தார். சிலிக்கானின் அளவைக் குறித்த அறிவு அங்குக் கிட்டியது. பின்னர் டொயோட்டா நிறுவனத்துக்கு அளித்த 50 வளையங்களுள் தேறியவை மூன்றே. மேலும் உழைத்து அத்தொழிலை நிலைநிறுத்தினார். போர் முடிந்ததும் தம் பங்கை டொயோட்டாவுக்கே விற்றுவிட்டு, 1946இல், படையினர் கைவிட்ட சிறு மின்னாக்கிகளின் இஞ்சினை மிதிவண்டியில் பூட்டத் தொடங்கினார். 1948இல் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. வகுப்பறையில் எனக்குப் பிடித்த பகுதி அந்த மூன்று வளையங்கள்தாம். தொழிற்பள்ளியில் அவர் தேர்வு எழுத மறுத்த கதையை மட்டும் மாணவரிடம் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு.

1958இல் சூப்பர் கப் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ மலாயாவில் ஹோண்டா விற்கும் உரிமையைப் பெற்றார். அவரும் பட்டறையில் கைவேலை செய்து உயர்ந்தவர். 'கப்' என்பதோடு சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. 72 சி.சி. கொண்ட சி70 தோட்டங்களுக்குள் வந்த காலத்தில் நான் சிறுவன். பால்மரம் வெட்டும் குடும்பத்தில் மோட்டார் சைக்கிள் என்பது மாதத் தவணையில் வரும் பெருஞ்செல்வம். பட்டணத்துச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அதுவே வாகனம். இஞ்சின் பிடித்துக்கொண்டால் தவணை நிற்காது, வண்டிதான் நிற்கும். ஆகவே பழக்குதல் அங்கு வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. குடும்ப வரவுசெலவைச் சேர்ந்த செய்தி.

எங்கள் தந்தையாரின் சி70 புகை கக்கத் தொடங்கியபோது, சிற்றூர்ப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். தவுக்கே சிலிண்டரைக் கழற்றி, கால் மில்லிமீட்டர் துளை பெருக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனையும் வளையங்களையும் இட்டார். முதல்முறை 0.25, அடுத்து 0.50, பின்னர் 0.75, இறுதியில் 1.00 என அளவுகள் ஏறும். அதற்குமேல் சிலிண்டர்ச் சுவர் தாங்காது. வண்டியை ஒப்படைக்கும்போது அவர் சொன்னது வியப்பாக இருந்தது. சூடேறியபின் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையில் நன்றாக இழுக்கவிட்டு, இறக்கத்தில் முறுக்கியை விட்டுவிட வேண்டும். இதனைச் சில முறை செய்ய வேண்டும். பின் எண்ணெயை மாற்ற வேண்டும் என்றார். உடன் வந்த எங்கள் மாமா இதனை ஏற்கவில்லை. கையேட்டில் மெதுவாக ஓட்டும்படி எழுதியிருக்கிறது. பாரமே ஏற்றக்கூடாது என்று வாதிட்டார். வழிநெடுக அவர்கள் இருவரும் இதே பேச்சு. தந்தையார் இருவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல், காலையில் மாமா சொன்னபடியும் மாலையில் தவுக்கே சொன்னபடியும் ஓட்டினார்.

இருவருள் யார் கூற்று சரி? இவ்வினாவுக்கு விடை காண உராய்வைப் பற்றிய அறிவியலின் வரலாற்றை நோக்க வேண்டும். 1933இல் அமெரிக்காவில் ஆபட், ஃபயர்ஸ்டோன் என்னும் இருவர், உலோகப் பரப்பின் மேடுபள்ளங்களை அளந்து, எவ்வளவு தேய்ந்தால் எவ்வளவு பரப்பு பாரத்தைத் தாங்கும் என்பதை ஒரு வளைகோட்டால் காட்டினர். பௌடனும் டேபரும் கேம்பிரிட்ஜில் நடத்திய ஆய்வுகள், வழவழப்பாகத் தோன்றும் இரு பரப்புகளும் மிகச் சில முனைகளிலேயே உண்மையில் தொடுகின்றன என்பதை நிறுவின. 1966இல் பிரிட்டனில் ஜோஸ்ட் தலைமையில் வெளிவந்த அறிக்கை இத்துறைக்கு 'டிரைபாலஜி' என்னும் பெயரையே சூட்டியது. தமிழில் உராய்வியல் எனலாம்.

இவ்வறிவின்படி சிலிண்டரில் நிகழ்வது பின்வருமாறு. துளை பெருக்கிய பின் சாணைக் கற்களால் சுவரில் குறுக்கு மறுக்காக நுண்கோடுகள் இழைக்கப்படுகின்றன. கோடுகளுக்கிடையே நிற்கும் முனைகள் வளையத்தோடு உரசி மழுங்க வேண்டும்; பள்ளங்களோ எண்ணெயைத் தேக்கி வைக்க நிலைத்திருக்க வேண்டும். வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் வில்தன்மை மட்டுமன்று. எரிவாயு வளையத்தின் பின்புறப் பள்ளத்துள் புகுந்து அதனை வெளிநோக்கித் தள்ளுகிறது. இஞ்சின் பாரம் இழுக்கும்போது இவ்வழுத்தம் மிகுதி. வெறுமனே மெல்ல ஓடும்போது மிகக் குறைவு. அழுத்தம் குறைந்தால் முனைகள் மழுங்குவதில்லை. வளையத்தைக் கடந்த எண்ணெய் சூட்டில் கருகி அரக்குப்போல் பள்ளங்களை மூடிவிடும். அதன்பின் எவ்வளவு ஓட்டினாலும் வளையம் படியாது. வண்டி எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். சிலிண்டரைக் கழற்றி மறுபடி இழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வழுக்கும் அம்மியைக் கொத்துவதும் இதுவும் ஒன்றே.

ஆக, தவுக்கே சொன்னதில் ஆழ்ந்த உண்மை இருந்தது. இறக்கத்தில் முறுக்கியை விடும்போது சிலிண்டருள் வெற்றிடம் தோன்றி எண்ணெயை மேலிழுத்து உதிர்ந்த துகளைக் கழுவும் என்பது நான்கு வீச்சு இஞ்சினுக்குப் பொருந்தும். விமான இஞ்சின் துறையிலிருந்தும் அவருக்குச் சான்று கிடைக்கிறது. புதுப்பித்த பிஸ்டன் விமான இஞ்சினைச் சோம்பலாக ஓட்டக்கூடாது, உயர்ந்த விசையில் பறந்தே வளையங்களைப் படியவைக்க வேண்டும், கலப்பில்லாத கனிம எண்ணெயையே அதுவரை இட வேண்டும் என்று லைக்கமிங் போன்ற நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன.

ஆனால் மாமாவின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. 1970களில் நம் சாலைகளில் ஓடிய யமஹா, சுசுகி வண்டிகளுள் பெரும்பாலானவை இரு வீச்சு இஞ்சின் கொண்டவை. அவற்றில் எண்ணெய் எரிபொருளோடு சேர்ந்தே உட்புகும். நீண்ட இறக்கத்தில் முறுக்கியை முற்றும் மூடி வேகமாக இறங்கினால், பிஸ்டன் ஓடிக்கொண்டே இருக்கும். எரிபொருளோடு வரும் எண்ணெய் குறைந்துவிடும். தவுக்கே சொன்ன முறையை அப்படியே இரு வீச்சு வண்டிக்குச் செய்தவர் இஞ்சினைப் பிடிக்கவைத்திருப்பார். 1964இல் யமஹா தனி எண்ணெய்ப் பம்பைப் புகுத்திய பின் இவ்விடர் குறைந்ததேயன்றி மறையவில்லை. மேலும், சூடேறாத இஞ்சினை முதல் நிமிடத்திலேயே முறுக்கினால் மெல்லிய பிஸ்டன் முன்னதாகவும் கனத்த சிலிண்டர் பின்னதாகவும் விரியும். முன்பு கண்ட அலுமினியக் கணக்கு அப்போது முழு வலிமையோடு செயற்படும். 'சூடேறியபின்' என்று தவுக்கே சொன்ன ஒற்றைச் சொல்லைப் பலர் காதில் வாங்குவதில்லை.

என் கருத்து இது: மென்மை, வன்மை என்று இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிடுவது வழக்கின் வரலாற்றை அறியாமையால் வருவது. மாமா படித்த கட்டளை 1920களின் உலோகத்துக்கும் எண்ணெய்க்கும் எழுதப்பட்டு, காரணம் தேய்ந்த பின்னரும் கையேட்டுக்குக் கையேடு படியெடுக்கப்பட்டு வந்தது. தவுக்கே எக்கையேட்டையும் படித்தவரல்லர். ஆயிரம் சிலிண்டர்களின் சுவரைக் கண்ணால் பார்த்தவர். ஆபட்டின் வளைகோடு அச்சில் இருக்கிறது. தவுக்கேயின் அறிவு அச்சேறவில்லை. மலேசியாவின் தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர் நிறுவனங்களின் ஆண்டறிக்கையை மட்டும் புரட்டுவது எனக்கு நிறைவளிப்பதில்லை. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அருகருகே அமர்ந்து எண்ணெய்க் கறையோடு கற்ற அறிவைக் கேட்டெழுதுவதற்கு, எஞ்சியுள்ள மூத்த மெக்கானிக்குகளிடம் நம் மாணவர்களை அனுப்பலாம். செயல்திட்டப் பணிக்கு இதனினும் நல்ல தலைப்பு கிடைப்பது அரிது.

பிற்காலத்து மாற்றங்களைச் சுருங்கச் சொல்லலாம். 1967இல் ஜெர்மனியின் மாலே நிறுவனம் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த 'நிக்காசில்' பூச்சைக் கண்டது. அதனால் இரும்பை விடுத்து அலுமினியத்தாலேயே சிலிண்டர் செய்ய முடிந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் ஏறத்தாழ ஒத்து விரிந்தன. இவ்வகைச் சிலிண்டரைப் பழைய முறையில் துளை பெருக்க இயலாது என்பது பட்டறைக்காரருக்கு இழப்பு. ஆலையிலேயே முனைகளை மழுக்கி, பள்ளங்களை மட்டும் விட்டு இழைக்கும் மேட்டு இழைப்பு முறையும் பரவியது. பழக்குதலில் பெரும்பங்கை இன்று ஆலையே செய்து அனுப்பிவிடுகிறது. எனவேதான் ஹோண்டாவின் இன்றைய கையேடுகள் வேகத்துக்கு எண் எதுவும் குறிக்காமல், முதல் 500 கிலோமீட்டருக்கு முழு முறுக்கு, திடீர் வேகம், கடும் பிரேக் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. முதல் எண்ணெய் மாற்றம் 1000 கிலோமீட்டரில்.

அவ்வெண்ணெய் மாற்றத்தை மட்டும் எக்கட்சியாரும் மறுப்பதில்லை. வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தால் உலோகப்பொடி மீன்செதிள்போல் மின்னும். சிறு கப்சாய் இஞ்சினில் ஒரு லிட்டரை ஒட்டிய எண்ணெயே உண்டு. அதுவே சிலிண்டருக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் பொது. மூன்றிலிருந்தும் உதிர்ந்த தூள் அதில்தான் சுற்றும். வண்டி வாங்கிய செலவில் இவ்வெண்ணெய்ச் செலவு மிகச் சிறிதாயினும், தவணை கட்டும் வீட்டில் தள்ளிப்போடப்படுவது இதுதான்.

சொல்லைப் பற்றி ஒன்று கூறி முடிக்கிறேன். 'ரன்னிங் இன்' என்பதற்கு 'தொடக்க ஓட்டம்' என்றும் 'உள்ளோட்டம்' என்றும் எழுதக் கண்டிருக்கிறேன். முன்னது மிதிவண்டிப் பந்தயத்தை நினைவூட்டுகிறது. பின்னது ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. காளையை ஏருக்குப் பழக்குகிறோம். மண்சட்டியை அடுப்புக்குப் பழக்குகிறோம். கல்லை அரைப்புக்குப் பழக்குகிறோம். இஞ்சினையும் பழக்குகிறோம் என்று எழுதினால் எந்தத் தோட்டத்து மாணவனுக்கும் விளங்கும். வினைச்சொல் நம்மிடம் முன்பே இருக்கையில் புதுச்சொல் ஆக்கும் குழு எதற்கு என்று தெரியவில்லை.